சுகாதாரத் தகவலியலை இணையவழியில் படிக்க விடுங்கள்: ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர், பல்கலைக்கழக மானியக் குழு, புது தில்லி.
தலைவர், தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையம், புது தில்லி.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைநகரில் உள்ள மருத்துவமனையின் மருத்துவப் பதிவேடுகள் பிரிவில் நான் பணிபுரிகிறேன். கூடவே, நோயாளிகளின் பதிவுகளைக் கணினி வழியே ஒழுங்குபடுத்திப் பயன்படுத்தும் துறையான சுகாதாரத் தகவலியலில் முதுநிலைப் பட்டம் பெறுவதற்காக இணையவழியில் படித்தும் வருகிறேன். உங்கள் இரு அமைப்புகளின் முடிவுகளும் சந்திக்கும் இடத்தில் எங்கள் படிப்பு சிக்கிக்கொண்டிருப்பதால், இருவருக்கும் சேர்த்தே இம்மடலை எழுதுகிறேன்.

மருத்துவத்தோடு இணைந்த தொழில்களை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டின் தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டத்துக்குள் வரும் படிப்புகளை, உளவியல் உட்பட, 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவம் முதல் தொலைதூர முறையிலோ இணையவழியிலோ எந்தக் கல்வி நிறுவனமும் நடத்தக் கூடாது என்று மானியக் குழு 2025 ஆகஸ்டில் அறிவித்தது. அந்தப் பருவத்துக்கும் அதற்குப் பின்வரும் பருவங்களுக்கும் ஏற்கெனவே கொடுத்த அனுமதிகள் திரும்பப் பெறப்படும் என்றும் அதே அறிவிப்பு கூறியது. இம்முடிவின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். இயன்முறை மருத்துவம் (பிசியோதெரபி) பயில்பவர் நோயாளியின் மூட்டைத் தன் கையால் மடக்கி நீட்டிப் பழகாமல் தேர்ச்சி பெறுவதை யாரும் ஏற்க மாட்டார்கள். டயாலிசிஸ் கருவியைத் திரையில் மட்டும் பார்த்த ஒருவரிடம் என் உறவினர் ஒருவரை ஒப்படைக்க நானும் துணிய மாட்டேன்.

ஆனால் அச்சட்டத்தின் அட்டவணையில் பத்தாவது பிரிவாக, கடைசியாக, சுகாதாரத் தகவல் மேலாண்மையும் சுகாதாரத் தகவலியலும் இடம்பெற்றுள்ளன. மருத்துவப் பதிவேட்டு ஆய்வாளர், நோய்க்குறியீட்டாளர் போன்ற எங்கள் பணிகளெல்லாம் அதற்குள்தான் வருகின்றன. சட்டம் எங்களை ஒரு தொழில்முறையாக ஏற்றுக்கொண்டது பல ஆண்டுகள் நாங்கள் எதிர்பார்த்திருந்த ஒன்று. பெரும்பாலான மருத்துவமனைகளில் எங்கள் பிரிவு தரைத்தளத்தின் மூலையிலோ படிக்கட்டின் அடியிலோதான் இருக்கும். கேஸ் ஷீட்டைத் தேடி எடுத்துத் தருபவர்கள் என்பதற்கு மேல் எங்களைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. அந்த நிலையை மாற்றத் தொடங்கிய அதே அட்டவணைதான் இன்று, வேலையை விடாமல் மேற்படிப்புப் படிக்க எங்களுக்கு இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டது. தடையை விதித்தவர்கள் எங்கள் துறையை மனத்தில் வைத்து விதித்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. எல்லாரையும் ஒரே வரியில் சேர்த்தபோது நாங்களும் அதற்குள் வந்துவிட்டோம்.

இத்துறை எதைப் பற்றியது என்பதை என் மேசையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டால் சொல்ல விரும்புகிறேன். மருத்துவமனை மென்பொருளில் நோயாளியின் பெயரைப் பதிய முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் பெரும்பாலானோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துதான் உண்டு. எஸ். முருகன் என்பவர் முதல் முறை வரும்போது முருகன் எஸ் என்று பதிவாகிறார். அடுத்த முறை வேறொரு பணியாளர் எஸ் என்பதை முதற்பெயர்க் கட்டத்தில் இட்டு, முருகனைக் குடும்பப்பெயராக்கிவிடுகிறார். மூன்றாம் முறை ஆதார் அட்டையைப் பார்த்துச் சுப்பையா முருகன் என்று பதிகிறார்கள். ஒரே மனிதருக்கு மூன்று பதிவு எண்கள் உருவாகிவிட்டன. முதல் எண்ணில் அவருக்குப் பெனிசிலின் ஒவ்வாமை இருப்பது குறிக்கப்பட்டிருக்கிறது. மூன்றாம் எண்ணைத் திறந்து பார்க்கும் இரவுப்பணி மருத்துவருக்கு அது தெரிய வழியில்லை.

இத்தகைய இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடித்து இணைப்பது சுகாதாரத் தகவலியலின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று. இதற்கென்று பாடநூல்களில் முதலில் வரும் முறை சவுண்டெக்ஸ். 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற மெய்யொலிகளை எண்களாக மாற்றி, ஒத்த ஒலியுள்ள பெயர்களை ஒன்றுசேர்ப்பது அதன் வழி. நம் பெயர்களுக்கு அது சரிப்படாது. ஞானம் என்பதை ஒருவர் ஆங்கிலத்தில் ஜி எழுத்தில் தொடங்குவார், இன்னொருவர் என் எழுத்தில் தொடங்குவார். முதலெழுத்தே வேறுபட்டுவிட்டதால் அம்முறையில் இவ்விரு பதிவுகளும் எந்நாளும் ஒன்றுசேரா. அழகரின் ழகரத்தைச் சிலர் இஸட், எச் என்று இரண்டு எழுத்தால் எழுதுகிறார்கள், சிலர் எல் என்று எழுதுகிறார்கள். அங்கும் எண்கள் மாறிவிடும். அப்படியானால் தந்தை பெயர், பிறந்த ஆண்டு, கைப்பேசி எண், ஊர் ஆகியவற்றுள் எதற்கு எவ்வளவு எடை கொடுத்து, எந்த மதிப்பெண்ணுக்கு மேல் இருவரும் ஒருவரே என்று முடிவு செய்வது? எந்த இடைப்பட்ட நிலையில் கணினியை நம்பாமல் மனிதர் ஒருவரைப் பார்க்கச் சொல்வது? ஒரே வீட்டில் ஒரே கைப்பேசி எண்ணைப் பயன்படுத்தும் இரட்டைக் குழந்தைகளைத் தவறுதலாக ஒருவராக்கிவிடாமல் எப்படித் தடுப்பது? என் முதுநிலை ஆய்வுப் பணி இதைப் பற்றியதுதான்.

இப்பணியில் நான் தொட்டது தரவுத்தளத்தை. நோயாளியின் உடலை எங்கும் தொடவில்லை. பேராசிரியர் எங்கோ ஒரு நகரத்தில் இருந்துகொண்டு திரையில் என் நிரலைப் பார்த்துத் தவறைச் சுட்டினார். அவர் என் பக்கத்தில் அமர்ந்திருந்தாலும் அதே திரையைத்தான் பார்த்திருப்பார். அதே வேளையில், என் மருத்துவமனையில் நான் வேலை செய்துகொண்டிருக்காவிட்டால், முன்பதிவு மேசையில் ஒரு தாயிடம் குழந்தையின் பெயரைக் கேட்டு எழுதும்போது என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருக்காது. இந்தப் படிப்புக்குத் தேவையான செய்முறைக்கூடம் மருத்துவமனைதான். வேலையில் இருப்பவர் நாள்தோறும் அதற்குள்ளேயே இருக்கிறார். அவரை இரண்டு ஆண்டுகள் அங்கிருந்து பெயர்த்து ஒரு நகரத்து வகுப்பறையில் உட்கார வைப்பதால் செய்முறை கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது.

நோய்க்குறியீட்டிலும் இதே கதைதான். இருசக்கர வாகனத்தில் சென்றவர்மீது கார் மோதி எலும்பு முறிந்தால், நோய்களுக்கும் காயங்களுக்குமான பன்னாட்டுக் குறியீட்டு முறையான ஐசிடி-10இல் முறிவுக்கு ஒரு குறியீடும் விபத்து நிகழ்ந்த விதத்துக்கு இன்னொரு குறியீடும் தர வேண்டும். மோட்டார் சைக்கிளில் சென்றவர் கார் மோதிக் காயமுற்றது வி23 என்ற வகையில் வரும். ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் சாலை விபத்து என்பதைச் சுருக்கமாகக் குறிக்கும் ஆர்.டி.ஏ. என்ற மூன்று எழுத்துகளுக்கு மேல் பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. ஆகவே விவரம் தெரியாத வாகன விபத்து என்ற பொருளில் வி89.2 என்று போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுகிறோம். எந்தச் சாலையில் எவ்வகை வாகனங்கள் மோதிக்கொள்கின்றன என்பதை மருத்துவமனைத் தரவிலிருந்து அறிய முடியாமல் போவது அந்த ஒரு நொடியில்தான். படிவத்தில் எந்தக் கேள்வியை எந்த இடத்தில் வைத்தால் அவசர சிகிச்சைப் பிரிவில் ஓடிக்கொண்டிருக்கும் மருத்துவர் சலிப்பில்லாமல் பதில் தருவார் என்பதை வடிவமைக்கத் தெரிந்தவர் தேவை. ஆறு மாதப் பயிற்சியில் குறியீடு போடக் கற்றுக்கொள்ளலாம். குறியீடு ஏன் தவறுகிறது என்று கண்டு அமைப்பையே மாற்றுவதற்கு முதுநிலைக் கல்வி வேண்டும்.

நாட்டுக்கு இத்தகையவர்கள் இப்போது தேவைப்படுவதைப்போல் முன்பு எப்போதும் தேவைப்பட்டதில்லை. 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின் கீழ் விரும்பும் ஒவ்வொருவருக்கும், அவருடைய மருத்துவப் பதிவுகளை இணைக்கும் 14 இலக்க ஆபா எண் வழங்கப்படுகிறது. மின்னணு மருத்துவப் பதிவுகளுக்கான தரநிலைகளை மத்திய அரசு 2013இல் வெளியிட்டு 2016இல் திருத்தியது. ஸ்நோமெட் சிடி என்ற பன்னாட்டு மருத்துவச் சொல்தொகுப்பில் இந்தியா 2014இல் உறுப்பினரானது. அதற்கான தேசிய மையம் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் புனே மையத்தில் இயங்குகிறது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளைப் பதிவுசெய்யும் அரசின் பிக்மி தளத்தில் ஒருவர் பதிவு பெறும் எண், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரை தொடர்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு வீடாகச் செல்லும் பெண்கள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் பதிந்து வருகிறார்கள். தரநிலைகளும் தளங்களும் வந்துவிட்டன. அவற்றை ஒரு வட்டாரத் தலைமை மருத்துவமனையில், பழைய மென்பொருளோடும் பாதிநேரம் வேலை செய்யாத இணையத்தோடும் பொருத்திக் காட்டுபவர்தான் இல்லை.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது, புறநோயாளிப் பதிவும் ஆய்வக அறிக்கைகளும் கட்டண ரசீதுகளும் நாள்கணக்கில் கையாலேயே எழுதப்பட்டன. நாட்டின் தலையாய மருத்துவமனைக்கே அந்நிலை என்றால், ஒரே கடவுச்சொல்லை மூன்று பணிமுறையினரும் பகிர்ந்துகொள்ளும் சிறு மருத்துவமனைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மருத்துவமனைகள்மீது பெரும் பொறுப்பைச் சுமத்துகிறது. அந்தப் பொறுப்பை அன்றாட நடைமுறையாக்க, மருத்துவமனையையும் கணினியையும் ஒருங்கே அறிந்த ஒருவர் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்க வேண்டாமா?

அண்டை நாடான இலங்கை இவ்வகையில் எடுத்த முயற்சியை நீங்கள் அறிவீர்கள் என்றே எண்ணுகிறேன். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் மருத்துவர்களுக்கென உயிர்மருத்துவத் தகவலியல் முதுநிலைப் படிப்பை நடத்துகிறது. அதில் தேறியவர்களைச் சுகாதார அமைச்சு தகவலியல் பணியிலேயே அமர்த்துகிறது. 2020 ஜனவரியில், கோவிட் என்ற பெயரே இன்னும் சூட்டப்படாதிருந்த நாட்களில், வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகளைக் கண்காணிக்கும் அமைப்பை டிஎச்ஐஎஸ்2 என்ற திறந்தமூல மென்பொருளில் இலங்கையர்கள் உருவாக்கினார்கள். பின்னர் மற்ற நாடுகளும் அதை எடுத்துக்கொண்டன. படித்தவர்கள் முன்கூட்டியே பணியில் இருந்ததால்தான் நெருக்கடி வந்ததும் வேலை தொடங்கியது. அமெரிக்காவிலோ, ஓரிகன் சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் இத்துறையை இணையவழியில் கற்பிக்கத் தொடங்கி கால் நூற்றாண்டு ஆகிறது. மருத்துவமனையில் வேலை செய்பவர்களை வேலையிலிருந்து எடுக்காமல் கற்பிக்க வேண்டும் என்பதே அங்கும் நோக்கமாக இருந்தது.

நேரடி வகுப்புகளில் படிக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். புதுச்சேரி ஜிப்மரிலும் தில்லி சப்தர்ஜங்கிலும் மத்திய அரசு நடத்தும் மருத்துவப் பதிவேட்டு அலுவலர் பயிற்சி மதிப்புக்குரியது; எங்கள் துறையின் மூத்தவர்கள் பலர் அங்குப் பயின்றவர்கள். ஆனால் முதுநிலைப் பட்டத்துக்கான நேரடி வகுப்புகள் ஒருசில பெருநகரங்களிலேயே நடக்கின்றன. எனக்குத் தெரிந்த செவிலியர் ஒருவர், பணிமுறை மாற்றும் குறிப்பேடு ஏன் தவறுகளுக்கு இடம்தருகிறது என்பதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வைத்திருக்கிறார். அவருக்கு இரண்டு பிள்ளைகள், மாமியார் படுக்கையில். ஊதியமில்லாமல் இரண்டு ஆண்டுகள் சென்னையில் தங்குவது அவரால் எந்நாளும் இயலாது. அவருடைய இடத்தில் வகுப்புக்கு வருபவர், பெரும்பாலும், மருத்துவமனைக்குள் காலெடுத்து வைத்திராத புதுப் பட்டதாரியாக இருப்பார். அந்தப் பட்டதாரியும் படிக்கட்டும். ஆனால் செவிலியரை வெளியே நிறுத்திவிட்டு இத்துறை வளராது.

இணையவழிப் படிப்புகளில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. நான் படிக்கும் நிறுவனத்திலேயே சில பாடங்களுக்கு, முன்பு எப்போதோ பதிவுசெய்த காணொளியும் கொஞ்சம் பிடிஎஃப் கோப்புகளுமே கிடைத்தன. கேள்வி கேட்டால் பதில் வர வாரங்கள் ஆயின. முதுநிலைத் திட்டப்பணியை எழுதித் தருவதற்கென்றே கடை வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு கல்லூரி நகரிலும் உண்டு என்பது உங்களுக்கும் தெரியும். இதையெல்லாம் பார்த்துத் தடை விதிக்க மனம் வருவது இயல்பே. எனினும் மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள், தேசிய மதிப்பீட்டில் உரிய புள்ளி பெற்ற அல்லது தேசியத் தரவரிசையில் முதல் 100 இடங்களுக்குள் வந்த நிறுவனங்களே இணையவழிப் பட்டங்களை வழங்கலாம் என்று ஏற்கெனவே எல்லை வகுத்திருந்தன. அவ்விதிமுறைகளின்படி பெற்ற பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணையானது என்று 2022 செப்டம்பரில் நீங்களே தெளிவுபடுத்தினீர்கள். குறை கற்பித்தலில் இருக்கும்போது அதற்கான மருந்து கண்காணிப்புதான்.

எப்படிக் கண்காணிக்கலாம் என்பதையும் சொல்கிறேன். இப்படிப்பில் சேருபவர் ஒரு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஆய்வகத்திலோ பணியில் இருக்க வேண்டும், அல்லது படிப்புக் காலம் முழுவதும் அத்தகைய ஓரிடத்தோடு எழுத்துப்பூர்வமாக இணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று விதியுங்கள். கடைசி ஆறு மாதங்கள் அந்த இடத்தின் உண்மையான சிக்கல் ஒன்றைத் தீர்க்கும் திட்டப்பணியாக இருக்கட்டும். அதைப் பல்கலைக்கழகம் சாராத, உங்கள் ஆணையத்தில் பதிவுபெற்ற ஒருவர் நேரில் வந்து பார்த்து மதிப்பிடட்டும். ஆளை நேருக்கு நேர் உட்கார வைத்து, இந்தத் தரவுத்தளத்தில் இந்த இரட்டைப் பதிவை இப்போதே கண்டுபிடியுங்கள் என்று சொன்னால், கடையில் வாங்கிய திட்டப்பணி ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. எழுத்துத் தேர்வுகளை மாவட்ட மையங்களில் நேரடியாக நடத்துவதில் எங்களுக்கு எந்த மறுப்பும் இல்லை. இன்னொன்றை நான் அழுத்திச் சொல்ல வேண்டும்: மாணவர் தம் மருத்துவமனையின் நோயாளித் தரவை மடிக்கணினியில் நகலெடுத்து வீட்டில் வைத்துப் பயிற்சி செய்வதை முற்றாகத் தடுக்க வேண்டும். பயிற்சிக்கெனச் செயற்கையாக உருவாக்கிய நோயாளிப் பதிவுகளையே பல்கலைக்கழகம் தர வேண்டும். உண்மைத் தரவு தேவைப்படும் இடத்தில் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு மருத்துவமனைக்குள்ளேயே வேலை நடக்க வேண்டும். இந்த ஒழுக்கத்தைக் கற்பிக்காத பட்டம், அது நேரடி வகுப்பில் பெற்றதானாலும், ஆபத்தானது.

தடை இப்படியே தொடர்ந்தால் என்ன நடக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. இதே பாடங்கள் மருத்துவமனை நிர்வாகம் என்றும் தரவு அறிவியல் என்றும் பெயர் மாறி, சட்டத்தின் அட்டவணைக்கு வெளியே வந்துவிடும். அப்போது ஆணையத்தின் பாடத்திட்டமும் பொருந்தாது, மேற்பார்வையும் இராது. சுகாதாரத் தகவல் மேலாண்மைக்கென ஆணையம் 2025இல் வெளியிட்ட பாடத்திட்டத்தை அக்கறையோடு படித்தவன் என்ற முறையில், அது ஏட்டிலேயே தங்கிவிடக் கூடாது என்று விரும்புகிறேன்.

ஆகவே, ஆணையம் தன் பத்தாம் பிரிவுக்கு உட்பட்ட படிப்புகளை மட்டும் தனியே எடுத்து, அவற்றுள் எவை இணையவழிக்கு ஏற்றவை, எந்த நிபந்தனைகளோடு ஏற்றவை என்று ஆராய ஒரு வல்லுநர் குழுவை அமைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அக்குழுவில் பேராசிரியர்களோடு, மாவட்ட மருத்துவமனைகளில் பணிபுரியும் பதிவேட்டு அலுவலர்களும் செவிலியர்களும் இடம்பெற வேண்டும். அதன் பரிந்துரையை ஏற்று மானியக் குழு, முதற்கட்டமாகச் சுகாதாரத் தகவலியல் முதுநிலைப் படிப்புக்காவது விலக்களிக்க வேண்டும்.

இதற்குக் காலம் பிடிக்கும் என்பதை அறிவேன். ஆனால் காலம் பிடிக்கத் தேவையில்லாத ஒரு கேள்வி இருக்கிறது. தடை நடைமுறைக்கு வருமுன்பே சேர்ந்து இப்போது படித்துக்கொண்டிருப்பவர்கள், பட்டம் பெற்ற பின் ஆணையத்தின் பதிவேட்டில் தொழில்முறையாளராகப் பதிவுசெய்துகொள்ள முடியுமா, முடியாதா? எங்கள் நிறுவனத்தைக் கேட்டால் மானியக் குழுவைக் கேளுங்கள் என்கிறார்கள். எங்களோடு சேர்ந்த சிலர் விடை தெரியாததாலேயே அடுத்த பருவக் கட்டணத்தைக் கட்டாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவர்களுள் கடன் வாங்கிப் படிப்பவர்களும் உண்டு. முடியும் என்றாலும் முடியாது என்றாலும், எந்தத் தேதிக்கு முன் சேர்ந்தவர்களுக்கு என்ன நிலை என்பதைக் குறிப்பிட்டு, உங்கள் இருவரின் இணையதளங்களிலும் ஒரு பக்க அறிவிப்பாக வெளியிட்டால் போதும். அடுத்த தேர்வுக் கட்டணத்துக்கான கடைசி நாளுக்கு முன் அதை வெளியிடுமாறு பணிவன்போடு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மருத்துவப் பதிவேடுகள் பிரிவுப் பணியாளர் ஒருவர்,
தமிழ்நாடு.